மூடாத கதவுக்கு ஓர் இழைப்புளி

அந்தத் தெருவில் பல்செட்டுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுக்குத் தகுந்தபடி பொய்ப்பல் செய்துகொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பல்லுக்குச் சொந்தக்காரர்களை அவர் பார்த்ததே கிடையாது. மேல்தாடையும் கீழ்த்தாடையுமாக வெள்ளை அச்சு ஒரு டப்பாவில் வரும். பல்லாகத் திரும்பிப் போகும். எவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர், எவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று அச்சைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆள் எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியாது.

வயது ஐம்பத்தெட்டு. மனைவி இருந்தாள், கூட இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, ஆறு மாசம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஒரே ஒரு பெட்டியோடு ரயிலேறினாள். ஆறு மாசம் முடிகிற நேரத்தில் மகள் டீச்சர் வேலைக்குத் திரும்பினாள். அப்புறம் குழந்தைக்கு அடிக்கடி காது வலி. அப்புறம் மாப்பிள்ளைக்கு வேறு ஆபீஸ், வீடு திரும்ப நேரமாகிவிடும். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடுவில் இவர் இரண்டு தடவை போய்விட்டு வந்தார். காலையில் போய், குழந்தையைப் பார்த்து, ராத்திரி கூடத்தில் படுத்து, மறுநாள் காலையில் திரும்பினார். அவ்வளவுதான். சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். அவருடைய அக்கா போன் போடும்போதெல்லாம் அவள் எப்போது வருகிறாள் என்று கேட்பாள். அடுத்த மாசம் என்பார். உன் காலண்டரில் அடுத்த மாசம் என்று தனியாக ஒரு மாசம் இருக்கும்போல என்று அக்கா ஒருநாள் சொன்னாள். சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

இரண்டு பேர் கட்டிலில் ஒண்டியாகப் படுக்க அவரால் முடியவில்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் இடம் மிச்சமாக இருந்தது. கூடத்து சோபாவுக்கு மாறினார். படுக்கையறை சும்மாவே கிடந்தது.

மரம் இழைக்கும் இழைப்புளி அவர் கைக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். அடுப்புத் திருகு ஒன்று உடைந்து, அதே மாதிரி கிடைக்குமா என்று பழைய சாமான் கடைக்குப் போனார். அங்கே துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே, ஒரு கூடையில், மரத்தில் செய்த பழைய இழைப்புளி ஒன்று மல்லாந்து கிடந்தது. செங்கல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. நடுவில் சரிவாக ஒரு பள்ளம். பள்ளத்தில் இரும்புத் தகடு. தகடு அசையாமலிருக்க ஒரு மர ஆப்பு. அடியில் தகட்டின் நுனி எட்டிப்பார்க்கிற இடுக்குக்கு வாய் என்று பெயர். பலகையில் தள்ளினால் மரச்சுருள் அந்த வாய் வழியாகத்தான் மேலே வரும். இதன் வாய் தேய்ந்து விரிந்து, விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. வாய் சரியில்லை என்றால் அவரால் அதை விட்டுவிட்டு வர முடியாது. திருகை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் அதைத் தேய்தேய் என்று தேய்த்தார். துருவை எடுத்தார், அழுக்கை எடுத்தார், புழு அரித்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தார். மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தார். மேஜைமேல் வைத்தால் முகம் பார்க்கலாம் போல மின்னியது.

அந்த நேரம் பார்த்து சமையலறை ஜன்னலைச் சரிசெய்ய ஒரு தச்சர் வந்தார். பழைய வீடுகளின் ஜன்னல்களை மட்டுமே பழுது பார்க்கிறவர். ஜன்னல்காரர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். இவர் வயதுதான் இருக்கும். மேஜைமேல் இருந்ததை எடுத்து, புரட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். மாட்டுவதற்கு இல்லை, இழைப்பதற்கு என்றார் இவர். அப்படியா என்று ஒரு துண்டுப் பலகையை எடுத்து அதன்மேல் தள்ளிப் பார்த்தார் ஜன்னல்காரர். இழைப்புளி கிறீச்சிட்டது, துள்ளியது, இரண்டாம் தள்ளிலேயே சுருள் வாயில் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. வார்னிஷில் அவர் கை வழுக்கியது.

"பல்லு பளபளன்னுதான் இருக்கு டாக்டரே," என்றார் ஜன்னல்காரர். "மெல்லத்தான் முடியல."

நான் டாக்டர் இல்லை என்று மட்டும்தான் இவரால் சொல்ல முடிந்தது. இவருடைய தொழிலில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. பார்க்க முத்துமுத்தாக இருந்து மெல்ல முடியாத பல்செட், வந்த டப்பாவிலேயே திரும்பி வந்துவிடும்.

ஜன்னல்காரர் போனதும் வார்னிஷ் முழுவதையும் சுரண்டி எடுத்தார். மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை அழகைப் பற்றி நினைக்கவே இல்லை. அடிப்பாகத்தைக் கண்ணாடித் தட்டின்மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினார். வாயின் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே அளவுக்குக் கெட்டிமரத் துண்டு ஒன்றைப் பதித்தார். வாய் மெல்லிய கோடாகச் சுருங்கியது. தகடு ஏன் துள்ளுகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, பல் வேலை கைகொடுத்தது. பொய்ப்பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க ஒரு சிவப்புத் தாள் உண்டு. இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்துக் கடிக்கவிட்டால் எந்தப் பல் உயரமோ அதில் சிவப்பு ஒட்டும். அந்தத் தாளைத் தகட்டுக்கும் அது சாய்கிற மரத்துக்கும் நடுவில் வைத்து ஆப்பை இறுக்கினார். மரத்தில் இரண்டே இடத்தில் சிவப்பு ஒட்டியது. மேஜைக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆடுமே, அந்த மாதிரி தகடு இரண்டு புள்ளியில் நின்று ஆடியிருக்கிறது. சிவப்பு பட்ட இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி தாள் வைத்து, மறுபடி சுரண்டி, முப்பது தடவைக்குப் பிறகு மரம் முழுக்கச் சிவந்தது.

அடுத்த தடவை வந்தபோது ஜன்னல்காரர் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் ஆப்பு நழுவுகிறது என்று திரும்பி வந்தார். இவர் புது ஆப்பு செதுக்கிக் கொடுத்தார். அதன் பிறகு குறை சொல்ல அவர் வரவில்லை. வேறு யாருக்கோ ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார்.

இப்படி அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. பழைய சாமான் கடைக்காரர் எங்கே மர இழைப்புளி வந்தாலும் இவருக்காக எடுத்து வைத்தார். சரிசெய்ததை நாற்காலி செய்கிறவர், கதவு செய்கிறவர் என்று கைவேலைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை, வேலை வாங்க வேண்டும். யார் மூலமாகவோ ஒன்று ஒரு வக்கீல் வீட்டுக்குப் போய், கூடத்தில் பூச்சாடிக்குப் பீடமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும், நேரே போய்ப் பூச்சாடியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு இழைப்புளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கே தன் துணிச்சல் ஆச்சரியமாக இருந்தது. சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள்தான் இல்லை.

கொடுத்தது போக மிச்சமெல்லாம் படுக்கையறையில் சேர்ந்தன. கட்டில்மேல், கட்டிலுக்கு அடியில், அலமாரியில் மனைவியின் புடவைகள் இருந்த தட்டில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் செய்வாள். எப்போது பேசினாலும் பின்னால் டிவி அலறும். பாட்டு, செய்தி, விளம்பரம். அவள் காதில் பாதி டிவிக்கும் பாதி தனக்கும் என்று இவர் நினைத்துக்கொள்வார். பேத்திக்குப் பல் முளைத்தது, மழை பெய்தது, அக்கா விசாரித்தாள் என்று நாலு சேதி சொல்லி முடிவதற்குள், பாவம் அவளுக்குப் பார்க்க வேண்டியது போகும் என்று, சரி வைக்கட்டுமா என்று இவரே கேட்டுவிடுவார். அவளும் சரி என்பாள். மூன்று வருஷம் அப்படித்தான் பேசினார்கள்.

ஒரு ஞாயிறு டிவிச் சத்தம் தாங்க முடியாமல் போயிற்று. அவள் சொன்னதை மூன்று தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

"அந்த டிவியக் கொஞ்சம் நிறுத்திட்டுத்தான் பேசேன்," என்றார்.

"அது நான் பாக்கறது இல்ல. கூடத்துல ஓடுது."

"அப்ப ரூமுக்குப் போய்க் கதவச் சாத்திக்க."

"ரூம்லதான் இருக்கேன். இந்தக் கதவு சாத்தாது."

எப்போதிருந்து என்று கேட்டார். நான் வந்த நாளிலிருந்தே என்றாள் அவள். கதவு உப்பி நிலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சாண் திறந்தே இருக்கும், கூடத்து வெளிச்சம் நேரே தலையணையில் விழும். மாப்பிள்ளையிடம் ஒருமுறை சொன்னாளாம். ஆள் வரச் சொல்கிறேன் என்றாராம். அவருக்கும் தலைக்குமேல் வேலை, இன்னொரு தடவை கேட்க நமக்கு என்னவோ போல் இருக்கிறது, விடுங்கள், பழகிவிட்டது என்றாள்.

போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவளுக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவுகூட இல்லாமல் மூன்று வருஷம் இருந்திருக்கிறாள். தன்னோடு பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் மாப்பிள்ளை காதில் விழும்படி பேசியிருக்கிறாள். அவளிடம் என்ன சேதியைத்தான் எதிர்பார்த்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாளே ஒரு நீள இழைப்புளியை எடுத்து மேஜையில் வைத்தார். முழங்கை நீளத்துக்கும் மேல் இருக்கும். கதவு போல நீளமான விளிம்பை நேராக இழைக்க அதுதான் லாயக்கு. ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதனால் பல மாதங்களாக அதை ஆறப்போட்டிருந்தார். வெடிப்பில் பசை ஏற்றி, கயிறு சுற்றி, இரண்டு நாள் அசையாமல் விட்டார். தகட்டின் துருவை வினிகரில் ஊறவைத்து எடுத்து, மேடுபள்ளம் மறையும்வரை சாணைக்கல்லில் தேய்த்தார். வந்திருந்த பல் டப்பாக்கள் பிரிக்காமல் காத்திருந்தன. ஒரு டாக்டர் இரண்டு தடவை போன் செய்து கேட்டார். குடும்ப வேலை என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

ஜன்னல்காரரிடம் கதவைப் பற்றிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு சீவாதீர்கள், எங்கே முட்டுகிறது என்று முதலில் பாருங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டு இழையுங்கள், இல்லாவிட்டால் தகடு மழுங்கிவிடும். மேல்விளிம்பை இழைக்கும்போது இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவைப் பார்த்துத் தள்ளுங்கள், கடைசிவரை தள்ளினால் ஓரம் பிய்ந்துவிடும் என்றார். அப்புறம், அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், போன் போட்டால் நாளைக்கே போய் முடித்துவிடுவார், நீங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றும் சொன்னார்.

"இல்ல, நானே போறேன்," என்றார் இவர்.

ஜன்னல்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். தகட்டை வாங்கி, தன்னுடைய கல்லில் இன்னும் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தார்.

ரயிலில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். மகள் வீடு ஐந்தாவது மாடி. கதவைத் திறந்த மகள், என்னப்பா திடீரென்று, உடம்புக்கு ஏதாவதா என்று பதறினாள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் அம்மாவின் கதவைப் பார்க்க வந்தேன் என்றார். மாப்பிள்ளைக்கு முகம் சிறுத்துவிட்டது. இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போய்விட்டது மாமா என்றார். நல்ல பையன்தான். நானும் மூன்று வருஷம் தள்ளித்தான் போட்டேன் மாப்பிள்ளை என்று இவர் சொன்னது, கதவைப் பற்றி என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பையில் என்ன என்று கேட்டாள். எடுத்துக் காட்டினார். இதை வைத்துக்கொண்டுதான் அங்கே பொழுது போகிறதா என்று அதைத் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கதவைக் கழற்றுவதற்கு முன் சிவப்புத் தாளை எடுத்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் துண்டு துண்டாக வைத்து, அவளை உள்ளேயிருந்து இழுக்கச் சொல்லி, தான் வெளியேயிருந்து தள்ளினார். மேல்விளிம்பில் ஒரு சாண் நீளமும், பூட்டுக்குக் கீழே ஒரு கை நீளமும் சிவந்தன. அவ்வளவுதான் நோய். மாப்பிள்ளையும் அவருமாகக் கதவைத் தூக்கி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நிறுத்தினார்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டு நீள இழைப்புளியை வைத்துத் தள்ளினார்.

முதல் தள்ளில் தூள்தான் வந்தது. ஆப்பைத் தட்டித் தகட்டை ஒரு மயிரிழை இறக்கினார். அடுத்த தள்ளில் சர்ரென்று ஒரே சத்தம். சிவந்த இடத்தின் நீளத்துக்கு ஒரு சுருள், வெங்காயத் தோல் மாதிரி, வாய் வழியாகப் புரண்டு வெளியே வந்தது. பேத்தி ஓடிவந்து அதைப் பிடித்தாள். அவர் மறுபடி தள்ளினார். பழுது பார்த்த இழைப்புளிகளை எல்லாம் துண்டுப் பலகையில் சோதித்துத்தான் அவருக்குப் பழக்கம். ஒரு வீட்டுக்கு வேண்டிய வேலையை அவற்றில் ஒன்றால் தன் கையாலேயே செய்தது அன்றைக்குத்தான்.

மூன்று தடவை மாட்டிக் கழற்றினார். நாலாவது தடவை கதவு தடங்கலில்லாமல் போய், டக்கென்று பூட்டின் நாக்கு விழுந்து மூடிக்கொண்டது. அவள் உள்ளே நின்றிருந்தாள். இவர் வெளியே. கதவு திறக்கவில்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். மாட்டிக்கொண்டுவிட்டதோ என்று கைப்பிடியைத் தொட்டார். அதற்குள் அவளே திறந்தாள். கண் சிவந்திருந்தது. தூசி என்றாள்.

"உள்ள வாங்க," என்றாள்.

போனார். அவள் கதவைச் சாத்தினாள். கூடத்தில் ஓடிய டிவி பக்கத்து வீட்டு டிவி மாதிரி ஆகிவிட்டது. உட்கார வேறு நாற்காலி இல்லை. கட்டில் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சுவரில் பேத்தி கிறுக்கிய படங்கள். மூலையில் அவள் கொண்டுபோன அதே பெட்டி, மூடி திறந்தபடி. அதிலிருந்து துணியெல்லாம் இன்னும் அலமாரிக்கு மாறவில்லை என்பதை அவர் பார்த்தார்.

"நான் வரணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டாள்.

"நீயா வருவேன்னு இருந்தேன். உனக்கு இங்க பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு தடவ வான்னு சொல்லியிருக்கலாம்ல. நான் போன் பண்ணா நீங்க எதையாவது தேய்ச்சிக்கிட்டே பேசுவீங்க. அப்புறம் வைக்கட்டுமான்னு கேப்பீங்க. சரி, மனுஷன் நிம்மதியா இருக்காரு, நாம எதுக்குப் போய் நடுவுலன்னு விட்டுட்டேன்."

அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சோபாவைப் பற்றி, டிவிச் சத்தத்தைப் பற்றி, அக்காவிடம் சொன்ன பொய்யைப் பற்றி.

"வா," என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன் என்றாள். இப்போது பேத்தி ராத்திரியில் இவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். அறுத்துக்கொண்டு வர முடியாது. மகளுக்குப் பள்ளிக்கூட லீவு விடும்போது வருகிறேன், முழுசாக வருவது பிறகு பார்க்கலாம் என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் வலித்தது. பேத்தி வெளியே நின்று கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

லீவுக்கு இரண்டு மாசம் இருந்தது. வீடு திரும்பிய வாரமே அவர் படுக்கையறையைக் காலி செய்தார். ஜன்னல்காரர் ஒரு சின்ன வேனோடு வந்தார். இருபத்துமூன்று இழைப்புளிகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும்போது இவர், இது ஈரமரத்துக்கு ஆகாது, இதன் ஆப்பு சற்றே தளர்ச்சி என்று பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது, எதுவும் சும்மா கிடக்காது என்றார் ஜன்னல்காரர். கட்டில் வெறுமையாகக் கண்ணில் பட்டது. மெத்தையில் எண்ணெய்க் கறை. புது மெத்தை வாங்கினார்.

அவள் வந்தாள். ஐந்து வாரம் இருந்தாள். முதல் சில நாள் இரண்டு பேரும் விருந்தாளிக்கு விருந்தாளி மாதிரி நடந்துகொண்டார்கள். அவள் உப்பு ஜாடியை இடம் மாற்றினாள்; இவர் ஒன்றும் சொல்லாமல் தேடினார். ஒருநாள் முன்னறைக்கு வந்து, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை. கையிலிருந்த பல்லோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எப்போதிலிருந்து அந்தப் பழக்கம் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கீரை ஆய்வதையும் துணி மடிப்பதையும் முன்னறைக்கே கொண்டுவந்து செய்தாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், அவள் நடமாடும் சத்தம் காதில் விழுவதையே தான் கவனிக்காமலிருப்பதை உணர்ந்தார். அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

லீவு முடிந்தது. ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரைப் பரீட்சை லீவில் மறுபடி வருகிறேன், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். குறித்துக்கொண்டேன் என்றார். ரயில் கிளம்பி, கடைசிப் பெட்டியும் போய், எதிர்ப்பக்கத்து நடைமேடை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். மூன்று பல் டப்பாக்கள் வாசலில் இருந்தன. அவற்றை உள்ளே எடுத்துவைத்தார், பிரிக்கவில்லை. முன்னறையில் நின்றார், சமையலறைக்குப் போனார், திரும்பி வந்தார். பிறகு போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். என்ன, எதையாவது மறந்துவிட்டேனா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்றார். ஊர்ப்பெயர் போட்ட பலகை எதுவும் கண்ணில் படவில்லை, வயலாகப் போகிறது, ஒரு குளம் வந்தது, இப்போது மறுபடி வயல் என்றாள். சொல்லு என்றார். அவள் பார்ப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ரயில் ஏதோ குகைக்குள் நுழைந்து இணைப்பு அறுந்துபோகும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.